16 என்றால் எந்தப் பதினாறு?

ராணுவச் சீருடை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கடையை மூடினார். தையல் மெஷின்களும் இஸ்திரிப் பெட்டியும் விலைபோன பிறகு மிஞ்சிய ஒரு தகர டப்பாவை அவருடைய மகன் என் கையில் கொடுத்தார். “வெறும் பொத்தானும் பித்தளையும்தான் சார். நீங்க பழைய காசெல்லாம் சேக்குறீங்கன்னு சொன்னாங்க, வெச்சுக்குங்க” என்றார். அன்றுவரை எனக்கு நாணயங்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து செய்தித்தாளை விரித்து டப்பாவைக் கவிழ்த்தேன். கொக்கிகள், பித்தளைப் பொத்தான்கள், கறுத்துப்போன வெள்ளி ஜரிகைச் சுருள், இரும்பு வளையங்களால் பின்னிய இரண்டு தோள்பட்டைச் சங்கிலிகள், பழுப்புக் காகிதத்தில் மடித்த ஐந்தாறு பொட்டலங்கள்.

முதல் பொட்டலத்தில் ஒரு ‘16’ இருந்தது. பித்தளையில் வெட்டிய எண், அதற்குக் கீழே ஓர் எழுத்து, பின்னால் இரண்டு வளையங்கள். தோள்பட்டையில் மாட்டும் இதை ராணுவத்தில் ‘ஷோல்டர் டைட்டில்’ என்பார்கள் என்பதுகூட அப்போது தெரியாது. எண்ணை வைத்துத் தேடினேன். 16 லைட் கேவல்ரி என்று வந்தது. 1776இல் தொடங்கிய படை, இந்திய ராணுவத்தின் கவச (டாங்கி) ரெஜிமென்ட்களிலேயே மிகப் பழையது, ஆற்காட்டு நவாபின் குதிரைப்படையில் வேர்கொண்டு மதராஸ் ராணுவத்தின் வழியாக வந்தது என்றெல்லாம் படித்தபோது எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. நம் மண்ணிலிருந்து கிளம்பிய குதிரைப்படையின் ஒரு துண்டு என் மேசைமேல் கிடக்கிறது! அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு எழுதி, டைட்டிலோடு சேர்த்து ஒரு சின்னப் பெட்டியில் வைத்தேன்.

இன்னொரு பொட்டலத்தில் ‘27’ இருந்தது. அதைத் தேடவே இல்லை. சேகரிக்கத் தொடங்கிய சில மாதங்களில் பழக்கமான ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டு, இரண்டு ஈட்டிகள் குறுக்கே நிற்க மேலே கிரீடம் பளபளக்கும் ஒரு லான்ஸர் (ஈட்டி ஏந்திய குதிரைவீரர்) தொப்பிச் சின்னத்தை வாங்கிக்கொண்டேன். பழுப்பேறிய எண் ஒன்றுக்கு இவ்வளவு அழகான பொருளா என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி.

இரண்டு வருடம் கழித்து, அதே 16 லைட் கேவல்ரியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு ரிசால்தாரை, அதாவது குதிரைப்படை வழிவந்த பதவி வகித்த ஓர் அதிகாரியை, சந்திக்கும் வாய்ப்பு கிடைத்தது. பெருமையோடு பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் கையில் எடுக்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

“தம்பி, கீழ என்ன எழுத்து இருக்கு?”

“‘சி’ங்க ஐயா. கேவல்ரிக்கு.”

“‘எல்’ எங்க? நாங்க லைட் கேவல்ரி. ‘எல்சி’ன்னு வரணும். இது எங்களோடது இல்ல தம்பி, வேற பதினாறு.”

பிறகு அவர் சொன்னதும் நான் தேடிச் சரிபார்த்ததுமாகச் சேர்ந்து, சீருடைச் சின்னங்களை நான் பார்க்கும் விதத்தையே மாற்றிவிட்டன.

இந்தியக் குதிரைப்படை ரெஜிமென்ட்களின் எண்கள் ஒரே இடத்தில் நின்றவை அல்ல. 1903க்கு முன்பு வங்காளம், மதராஸ், பம்பாய், பஞ்சாப், ஹைதராபாத் என்று ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி எண்கள். முதலாம் வங்காள லான்ஸர்ஸும் இருக்கும், முதலாம் மதராஸ் லான்ஸர்ஸும் இருக்கும். 1903இல் கிட்சனர் தலைமைத் தளபதியாக இருந்தபோது எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கோத்து, 1 முதல் 39 வரை எண் கொடுத்தார்கள். 24 மட்டும் காலி; கைட்ஸ் என்ற ரெஜிமென்ட் எண் இல்லாமல் நின்றது. ஆக 39 ரெஜிமென்ட்கள். முதல் உலகப்போர் முடிந்ததும் 1921, 1922இல் அந்த 39ஐ 21ஆகச் சுருக்கினார்கள். கணக்கு எளிது. 36 ரெஜிமென்ட்களை இரண்டிரண்டாக இணைத்து 18 ஆக்கினார்கள். 27, 28 லைட் கேவல்ரி, கைட்ஸ் ஆகிய மூன்றும் இணையாமல் தனித்தே நின்றன. பதினெட்டும் மூன்றும் இருபத்தொன்று. எல்லோருக்கும் மறுபடி புது எண்.

ஆகவே 1903க்கும் 1921க்கும் இடைப்பட்ட காலத்தில் ‘16’ என்றால் 16 கேவல்ரி. பழைய வங்காளக் குதிரைப்படையின் வழியில் வந்தது. அது 13 டியூக் ஆஃப் கன்னாட்ஸ் ஓன் லான்ஸர்ஸுடன் இணைந்து 6 லான்ஸர்ஸ் ஆனது. 1947 பிரிவினையில் அந்த 6 லான்ஸர்ஸ் பாகிஸ்தானுக்குப் போனது. 1922க்குப் பிறகு ‘16’ என்றால்தான் நம் 16 லைட் கேவல்ரி. இவை போதாதென்று, எண்ணுக்குக் கீழே ‘எல்’ மட்டும் இருந்தால் அது பிரிட்டிஷ் ராணுவத்தின் 16 லான்ஸர்ஸ். அவர்களும் இந்தியாவில் இருந்து போரிட்டவர்கள்தான், 1846இல் அலிவால் போர்க்களத்தில் பெயர் வாங்கியவர்கள். ஒரே எண், மூன்று படைகள். வேறுபாடு ஓர் எழுத்தில்.

சரி, 1922க்கு முன்பு நம் 16 லைட் கேவல்ரிக்கு என்ன எண்?

27.

ரிசால்தார் அதைச் சொன்னபோது நான் எதுவும் பேசவில்லை. இரண்டாம் மதராஸ் லான்ஸர்ஸாக இருந்து, 1903இல் 27 லைட் கேவல்ரியாகி, 1922இல் 16 லைட் கேவல்ரியானது. நான் தேடிய பொருள் என்னிடம்தான் இருந்தது. அதைத்தான் கொடுத்துவிட்டேன்.

அன்றிரவே ஒரு நோட்டை எடுத்து மூன்று பத்தி போட்டேன்: 1903க்கு முன், 1903 முதல் 1921 வரை, 1922க்குப் பின். முதலில் எழுதியவை மதராஸ் வரிகள். ஒன்றாம் மதராஸ் லான்ஸர்ஸ், 26 லைட் கேவல்ரி, பிறகு 30 லான்ஸர்ஸுடன் சேர்ந்து 8 லைட் கேவல்ரி. இரண்டாம் மதராஸ் லான்ஸர்ஸ், 27, பிறகு 16. மூன்றாம் மதராஸ் லான்ஸர்ஸ், 28, பிறகு 7 லைட் கேவல்ரி. இப்படி 39 வரிகளும் நிரம்பச் சில வாரங்கள் ஆயின. நான்காவதாக ஒரு பத்தியும் பின்னால் சேர்த்தேன்: 1947இல் எந்த நாட்டுக்குப் போனது என்று. 1937இல் 12, 15, 20 ஆகிய மூன்றும் பயிற்சிப் பிரிவுகளாக மாறிவிட்டதால் பங்கிடும்போது பழைய வரிசையில் இருந்தவை 18. அதில் 12 இந்தியாவுக்கு, 6 பாகிஸ்தானுக்கு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த அட்டவணையைத் தங்கள் கையாலேயே எழுதிவிட்டுப் பிறகு முதல் பொருளை வாங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அச்சிட்ட பட்டியலைப் பார்த்துப் புரிந்துகொள்வதும் எழுதி எழுதி மனத்தில் ஏற்றுவதும் ஒன்றல்ல. ‘7’ என்று பார்த்ததும் “ஹரியானா லான்ஸர்ஸா, லைட் கேவல்ரியா, எந்த வருடம்?” என்று கேள்வி தானாக எழ வேண்டும்.

எண் காலத்தைக் கேட்கிறது என்றால், காலத்தைச் சொல்வது கிரீடம். விக்டோரியா காலத்துக் கிரீடம் 1901இல் முடிகிறது. அதன்பின் வந்த அரசர்கள் காலத்தில் டியூடர் கிரீடம். அதன் வளைவுகள் இருபுறமும் மேலெழுந்து, உச்சியில் பள்ளம் விழாமல் கவிந்திருக்கும். 1952இல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் எலிசபெத் காலத்தில் செயின்ட் எட்வர்ட் கிரீடம். அதன் வளைவுகள் நடுவில் தாழ்ந்து தோள்கள் உயர்ந்திருக்கும். பிரிட்டிஷ் சின்னங்களைச் சேர்ப்பவர்களுக்கு இது பாலபாடம். இந்தியச் சின்னங்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு. 1950 ஜனவரி 26 அன்று இந்தியா குடியரசானது. ரெஜிமென்ட் சின்னங்களில் கிரீடம் போய் அசோகரின் சிங்கத் தலை வந்தது. எலிசபெத் அரசியானது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அப்படியென்றால் இந்திய ரெஜிமென்ட் ஒன்றின் சின்னத்தில் எலிசபெத் காலத்துக் கிரீடம் இருக்க வழியே இல்லை.

இதைப் படித்த மாத்திரத்தில் அலமாரியைத் திறந்து, 27க்கு மாற்றாக வாங்கிய லான்ஸர் சின்னத்தை எடுத்து விளக்கின் அடியில் பிடித்தேன். கிரீடத்தின் வளைவு நடுவில் தாழ்ந்திருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை. பிற்காலத்தில் யாரோ விற்பனைக்காகச் செய்தது. எனக்குக் கொடுத்தவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் உண்மையென்று நம்பித்தான் கொடுத்தார். கிரீடத்தை எண்ணிப்பார்க்காத தவறு இருவருக்கும் பொது.

அந்தப் போலியை நான் தூக்கி எறியவில்லை. ‘போலி’ என்று சிவப்பு மையில் எழுதித் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். சந்தேகமான பொருள் எது வந்தாலும் முதலில் அதன் அருகில் வைத்துப் பார்ப்பேன். நல்ல போலி ஒன்று கையில் இருப்பது நல்ல ஆசிரியர் ஒருவர் கூடவே இருப்பது போல. ஆனால் அதை இன்னொருவருக்கு விற்கவோ மாற்றவோ கூடாது. என்னோடு அது நிற்க வேண்டும்.

கிரீடம் கற்றுக்கொடுத்த வேகத்தில் அடுத்த தவறைச் செய்தேன். சின்னத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரியான அறிவுரை. எஃகு அச்சில் வைத்து அழுத்தி அடித்த சின்னத்தின் முதுகில் முன்பக்க உருவம் குழிவாகத் தெரியும். விளிம்புகள் கூர்மையாக இருக்கும். ஒரு சின்னத்தைப் பார்த்து மண் அச்சில் உருக்கி ஊற்றினால் முதுகு தட்டையாக இருக்கும், ஊசிமுனைக் குழிகள் விழுந்திருக்கும், கோடுகள் மழுங்கியிருக்கும், மூலத்தைவிட ஒரு மயிரிழை சிறுத்துமிருக்கும், ஏனென்றால் உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குகிறது. ஆகவே ‘வார்ப்பு என்றால் போலி’ என்று மனத்தில் எழுதிக்கொண்டேன். தையல்காரரின் டப்பாவில் இருந்த இரண்டு காலர் சின்னங்கள் வார்ப்பு என்று தெரிந்ததும், பழைய பித்தளையோடு சேர்த்துப் போட்டுவிட்டேன்.

அதுவும் தவறு. பிரிட்டனில் தயாரான சின்னங்களுக்கு அந்த விதி ஓரளவு பொருந்தும். இந்தியாவுக்குப் பொருந்தாது. இங்கே கண்டோன்மென்ட் பஜார்களில் உள்ளூர் கன்னான்களும் தட்டான்களும் மண் அச்சில் வார்த்துக் கொடுத்த சின்னங்களை வீரர்கள் உண்மையாகவே அணிந்தார்கள். ஏன் அப்படி என்பதற்குக் குதிரைப்படையின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. சில்லாதார் முறை என்று ஒன்று இருந்தது. படையில் சேரும் சவார், அதாவது குதிரைவீரர், தன் குதிரையையும் உடையையும் தளவாடத்தையும் தானே கொண்டுவர வேண்டும், அல்லது அதற்கு ஈடான தொகையை ரெஜிமென்ட்டில் கட்ட வேண்டும். துப்பாக்கி, தோட்டா போன்றவை மட்டும் அரசுடையவை. ரெஜிமென்ட்டே துணி வாங்கி, தைத்து, சின்னம் செய்து கொடுக்கும். ஒரே கிடங்கிலிருந்து எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதல்ல. முதல் உலகப்போரில் இழந்த குதிரைகளையும் தளவாடங்களையும் இந்த முறையால் ஈடுகட்ட முடியவில்லை. போருக்குப் பிறகு கைவிட்டார்கள். ஆனால் அதுவரை ஒவ்வொரு ரெஜிமென்ட்டும் உடை விஷயத்தில் ஒரு தனி ராஜ்ஜியம்தான். 1803இல் தொடங்கிய ஸ்கின்னர்ஸ் ஹார்ஸ் அணிந்த மஞ்சள் அங்கியைப் போல வேறு யாரும் அணிந்து பார்க்க முடியாது.

மதராஸின் மூன்று ரெஜிமென்ட்கள் மட்டும் சில்லாதார் முறையில் வராதவை. அவற்றுக்கு அரசே எல்லாம் கொடுத்தது. அந்த மூன்றையும் மற்றவற்றோடு ஒப்பிடும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வேன்.

எனவே இப்போது நான் ‘அச்சா, வார்ப்பா’ என்று கேட்டு நிறுத்துவதில்லை. வார்ப்பு என்றால் அது பயன்பட்ட வார்ப்பா என்று பார்க்கிறேன். துணியில் மாட்டிக் கழற்றிக் கழற்றி வளையத்தின் உட்புறம் தேய்ந்திருக்கிறதா? தினமும் துலக்கியதால் மேடான பகுதிகள் மட்டும் வழுவழுப்பாகி, பள்ளங்களில் பழைய பாலீஷ் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறதா? வளையத்தைப் பற்றவைத்த இடத்தில் சின்னத்தின் மற்றப் பகுதிக்கு உள்ள அதே வயது தெரிகிறதா, அல்லது அங்கே மட்டும் புதுப் பளபளப்பா? போலி செய்பவர்கள் பெரும்பாலும் முன்பக்கத்தை மங்கலாக்குகிறார்கள். வளையத்தின் உட்புறத்தைத் தேய்க்க நினைப்பதில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பையும் ஒரு சாய்வான விளக்கையும் தவிர இதற்கு வேறு கருவி வேண்டாம். விளக்கை நேர் மேலே பிடித்தால் ஒன்றும் தெரியாது, பக்கவாட்டில் தாழ்த்திப் பிடிக்க வேண்டும்.

இந்தியக் குதிரைப்படையில் தொப்பிச் சின்னத்தைவிட ஷோல்டர் டைட்டிலைத் தேடுங்கள் என்று நான் சொல்வதற்கும் காரணம் உண்டு. சவார்கள் தலைப்பாகை கட்டியவர்கள். தொப்பிச் சின்னம் பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகளின் தலையில்தான் இருந்தது. சாதாரண வீரனின் உடம்பில் இருந்து வந்தது என்று சொல்லத்தக்கது தோளில் இருந்த அந்தப் பித்தளை எழுத்துதான். அழகில் அது ஈட்டிச் சின்னத்துக்கு ஈடாகாது. ஆனால் எனக்கு இன்று அதுதான் பிடிக்கிறது. தஃபேதார், ரிசால்தார் என்ற பெயர்களை நாம் வேறெங்கோ கேட்டது போல இருக்கும். கலெக்டர் அலுவலக வாசலில் சிவப்புப் பட்டை போட்டு நிற்கும் தபேதாரின் பெயர் இந்தப் படை வரிசையிலிருந்த பதவிப் பெயரேதான். அந்தத் தஃபேதாரின் தோளில் இருந்தது இந்தத் துண்டு.

டைட்டில் ஒருவருடைய ரெஜிமென்ட்டைச் சொல்லும்; அவர் எங்கே போரிட்டார் என்பதைச் சொல்லாது. இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது லான்ஸ் தஃபேதார் கோவிந்த் சிங். 1917 டிசம்பர் 1 அன்று பிரான்சின் கேம்ப்ரே களத்தில், சூழப்பட்டிருந்த படைக்கும் பிரிகேட் தலைமையிடத்துக்கும் இடையே மூன்று முறை தானாக முன்வந்து செய்தி கொண்டுபோனார். மூன்று முறையும் குதிரை சுடப்பட்டு விழ, மிச்சத் தூரத்தை ஓடியே கடந்தார். பிரிட்டிஷ் ஆட்சியின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றார். அன்று அவர் இருந்தது 2 லான்ஸர்ஸ் படையில். ஆனால் அவருடைய சொந்த ரெஜிமென்ட் 28 லைட் கேவல்ரி, அதாவது மூன்றாம் மதராஸ் லான்ஸர்ஸின் வழி வந்தது. போர்க்காலத்தில் இப்படி ஆட்களை வேறு படைக்கு இணைத்து அனுப்புவது சாதாரணம். ஒரு குடும்பத்தில் ‘தாத்தா 2 லான்ஸர்ஸில் இருந்தார்’ என்பார்கள், டைட்டிலோ வேறு எண்ணைக் காட்டும். உடனே குடும்பக் கதை பொய் என்றோ பொருள் போலி என்றோ முடிவுகட்டாதீர்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

அந்த மாதிரி நேரத்தில் மெடல் இருந்தால் விளிம்பைப் பாருங்கள். முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் வார் மெடல், விக்டரி மெடல் இரண்டின் விளிம்பிலும் எண், பதவி, பெயர், ரெஜிமென்ட் பொறித்திருக்கும். சின்னம் ஊமை, மெடல் பேசும். மெடல்களையும் டைட்டிலையும் ஒரு பொட்டலமாகக் கொண்டுவருகிறவரிடம் டைட்டிலை மட்டும் வாங்கிப் பிரிப்பதை நான் அடியோடு விட்டுவிட்டேன். முழுதாக வாங்க முடிந்தால் வாங்குவேன். முடியாவிட்டால் குடும்பத்திலேயே வைத்திருக்கச் சொல்லிவிடுவேன், படம் மட்டும் எடுத்துக்கொள்வேன்.

சமஸ்தானப் படைகள் தனிக்கடல். 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபா நகரைப் பிடித்த ஜோத்பூர், மைசூர் லான்ஸர்கள் 39 எண்ணுக்குள் எங்கும் வரமாட்டார்கள். அவர்கள் சமஸ்தானங்களின் சொந்தப் படைகள். டெல்லியில் தீன் மூர்த்தி என்று நிற்கும் மூன்று வீரர் சிலைகள் ஜோத்பூர், மைசூர், ஹைதராபாத் படைகளின் நினைவாக நிற்பவை. அந்தச் சின்னங்களில் எண்ணைத் தேடக்கூடாது, அரசின் முத்திரையைத் தேட வேண்டும். நான் ஒருமுறை இருதலைப் பறவை பொறித்த ஒரு சின்னத்தைப் பார்த்ததும் ‘மைசூர் கண்டபேருண்டம்’ என்று குதித்தேன். மறுபடி உற்றுப் பார்க்க, 61 கேவல்ரி. சமஸ்தானக் குதிரைப்படைகளில் மிஞ்சியவர்களைச் சேர்த்து 1953இல் உருவாக்கிய ரெஜிமென்ட் அது. இன்றும் குதிரைமேல் இருக்கிறது. அதன் சின்னத்திலும் இருதலைப் பறவைதான், நடுவில் 61.

துலக்குவது பற்றி எழுதக் கை தயங்குகிறது, ஏனென்றால் அதில் நான் இழந்ததைத் திரும்பப் பெற முடியாது. தொடக்கத்தில் டப்பாவில் இருந்த பலவற்றையும் உலோக பாலீஷ் போட்டுத் தேய்த்தேன். ஈட்டி முனையில் பறக்கும் சிறு கொடிகளில் குறுக்குக் கோடுகள் இருந்தன. மூன்று மாதத்தில் ஒரு சின்னத்தில் அவை மறைந்துவிட்டன. சவார் தன் கடமைக்காகத் துலக்கினான், அந்தத் தேய்மானம் அவனுடைய வாழ்க்கை. நான் துலக்கியதற்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. இப்போது செய்வது இவ்வளவுதான்: வாலை வடிநீரில் நனைத்த மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் எடுப்பேன், உடனே ஒற்றி நிழலில் நன்றாகக் காயவிடுவேன். பச்சைக் களிம்பு பூத்திருந்தால் பற்குச்சியால் மெல்லச் சுரண்டுவேன், இரும்பு ஊசி படக்கூடாது. கைவிரல் வியர்வை பித்தளையில் ரேகையோடு பதிந்துவிடும், அதனால் பருத்திக் கையுறை. மெல்லிய பிவிசி உறைகளில் வைத்தால் அவற்றிலிருந்து கிளம்பும் ஆவியே களிம்பை வளர்க்கும்; தேக்கு, ஓக் பெட்டிகளின் ஆவியும் ஈயம் கலந்த பொருள்களுக்கு ஆகாது. அமிலமில்லாத காகிதம், பாலியெஸ்டர் உறை, கொஞ்சம் சிலிக்கா ஜெல். இதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

துணிச் சின்னங்களையும் ஜரிகை வேலையையும் கழுவவே கூடாது. வெள்ளி ஜரிகை கறுத்தால் கறுத்தது கறுத்ததாகவே இருக்கட்டும். கம்பளித் துணியில் பூச்சி வரும். மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதுதான் மருந்து. தோள்பட்டைச் சங்கிலிகளுக்குத் துருதான் எதிரி. வாள்வெட்டிலிருந்து தோளைக் காக்க வந்தவை என்று சொல்லப்படும் அந்த வளைய வரிசைகளை மடித்து வைத்தால் மடிப்பில் துரு உட்காரும். நீட்டி வைக்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரிவதில்லை. படைவீரர் அல்லாத ஒருவர், தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு ராணுவ உடையையோ சின்னத்தையோ அணிவது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆவது பிரிவு, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 140. சேகரித்து வைக்கலாம், நெஞ்சில் குத்திக்கொண்டு போகக் கூடாது. இன்றைய ரெஜிமென்ட்களின் சின்னங்களை நான் வாங்குவதே இல்லை, அவை பணியில் இருப்பவர்களுடையவை. நூறு வருடம் கடந்த பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடலாம். அப்படிப்பட்டதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1903 எண்களைத் தாங்கிய டைட்டில்கள் இப்போது அந்த வயதைக் கடந்துவிட்டன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களோடு மாற்றிக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் இதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அடையாளம் காண எனக்கு அதிகம் உதவியவை பழைய ‘இந்தியன் ஆர்மி லிஸ்ட்’ தொகுதிகள். அதிகாரிகளின் பெயர்ப் பட்டியலுக்கு மேலே ஒவ்வொரு ரெஜிமென்ட்டின் சீருடை நிறமும், காலர், கைவிளிம்பு நிறமும் இருக்கும். துணி ஒட்டிய டைட்டில் கிடைத்தால் அந்த ஒரு விரற்கடைத் துணியின் நிறத்தை வைத்தே பட்டியலைச் சுருக்கிவிடலாம். சென்னை கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ள சீருடைகளின் முன்னால் நான் பல முறை நின்றிருக்கிறேன். சின்னத்தைத் தனியாகக் கையில் பார்ப்பதற்கும் ஒரு மார்பின்மேல், ஒரு தோளின்மேல், இருக்கவேண்டிய இடத்தில் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. அளவு புரியும். காலர் சின்னம் இடம், வலம் என்று எதிரெதிராகத் திரும்பியிருக்கும் என்பதை நான் அங்கேதான் கவனித்தேன்.

ஒவ்வொரு பொருளுக்கும் இப்போது ஒரு அட்டை எழுதுகிறேன். யாரிடமிருந்து வந்தது, எப்போது, எதில் சுற்றியிருந்தது, கூட என்ன இருந்தது, முன்பக்கப் படம், பின்பக்கப் படம், மில்லிமீட்டரில் அகலம், கிராமில் எடை. உறுதியாகத் தெரிந்ததை மையிலும் ஊகத்தைப் பென்சிலிலும் எழுதுவேன். அந்தப் பழைய ‘16’ சீட்டை நான் மையில் எழுதியிருந்தேன்.

27ஐத் திரும்பப் பெற முயன்றேன். வாங்கிய நண்பர் அதை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார், அவர் இன்னொருவருக்கு. அதற்குமேல் தடம் இல்லை. என்னிடம் அதன் படம்கூட இல்லை.

சென்ற வருடம் தகர டப்பாவைத் துடைத்து வைக்கலாம் என்று எடுத்தேன். அடியில் அந்தப் பழுப்புக் காகிதங்கள் மடித்தபடியே கிடந்தன, நான் அப்போது குப்பையில் போட மறந்தவை. ஒன்றைப் பிரித்தேன். எத்தனையோ வருடம் பித்தளை ஒரே இடத்தில் கிடந்ததால் களிம்பு காகிதத்தில் ஊறி, வெளிர்ப் பச்சையில் ‘27’ என்று பதிந்திருந்தது. கீழே இரண்டு எழுத்துகள், இடவலம் மாறி, ஆனால் தெளிவாக: ‘எல்சி’. இரண்டு வளையங்களும் அழுந்திய இடத்தில் இரண்டு சிறு குழிகள்.

அளவுகோலை வைத்து அளந்தேன். மறுநாள் காலை அதைப் பாலியெஸ்டர் உறையில் வைத்து ரிசால்தாரிடம் கொண்டுபோனேன். இந்த முறை அவர் கையில் வாங்கிக்கொண்டார். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இத மையிலயே எழுதிக்கலாம் தம்பி” என்றார்.